வயிறு படுத்தும் பாடு

மதுரை,
நவம்பர்

அன்புள்ள முருகேசா,

பிரிஸ்பேனிலிருந்து நீ அனுப்பிய படம் கிடைத்தது. மரக்கவட்டில் உட்கார்ந்தபடியே உறங்கும் கோலா அழகுதான். ஆனால் "ஒரு நாளில் இருபது மணி நேரம் தூங்கும் சோம்பேறி" என்று அதன்மேல் பழி போட்டிருக்கிறாயே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அது தின்பது தைலமர இலை. கொடைக்கானலில் நாம் பார்த்த மரம்தான்; நம் ஊர் ஆடுகூட அதில் வாய்வைக்காது. நஞ்சும் நாரும் மிகுதி, சத்து சொற்பம். அந்த இலையைப் புளிக்கவைத்துச் செரிக்க ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளமான குருட்டுக்குடல், அதாவது பெருங்குடல் தொடங்குமிடத்தில் உள்ள பை, தேவைப்படுகிறது. அப்படியும் கைக்கு வருவது அற்ப வருமானம். ஆடி ஓடிச் செலவழிக்க ஏது? சிக்கனக்காரன் என்று சொல், ஒப்புக்கொள்கிறேன்.

இங்கே நல்ல மழை. சாமநத்தம் கண்மாய்க்குப் போயிருந்தேன். முழங்கால் வலி என்று வீட்டில் தடுத்தார்கள், கேட்டால்தானே! நெடுங்கால் உள்ளான்கள் வயிறு நனைய நின்று பூச்சி பொறுக்கிக்கொண்டிருந்தன. பறந்தபோது அந்தச் சிவந்த கால்கள் வாலுக்குப் பின்னால் குச்சிகளாக நீண்டன. பார்த்ததும் அவற்றின் தூரத்து உறவான பட்டைவால் மூக்கன் என்ற வலசைப் பறவை நினைவுக்கு வந்தது. உன் கோலாவுக்கு நேர் எதிர் அது. வலசைக்காக அலாஸ்காவை விட்டுத் தெற்கே கிளம்பும் முன் உடல் எடையில் பாதிக்குக் கொழுப்பை ஏற்றிக்கொண்டு, குடலையும் இரைப்பையையும் சுருக்கிவிடுகிறது. வழியில் தீனி இல்லை, கடலில் இறங்கவும் முடியாது. பிறகு வயிறு எதற்கு? 2022 அக்டோபரில் ஒரு மூக்கன் எங்கும் இறங்காமல் 11 நாளில் 13,560 கிலோமீட்டர் பறந்து உன் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் இறங்கியது. முதுகிலிருந்த கருவி காட்டிய கணக்கு இது.

அந்தப் பறவைக்கு வயது ஐந்து மாதம்தான் என்பதை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. பொரித்த சில மணி நேரத்திலேயே தானாக இரை தேடத் தொடங்கும் இனம் அது. கோலாக் குட்டியோ மொச்சைக்கொட்டை அளவில் பிறந்து, ஐந்து மாதத்திலும் தாயின் பைக்குள்தான் கிடக்கிறது. வெளியே தலைநீட்டியதும் அதற்கு முதல் விருந்து, தாய் கழிக்கும் கூழ் போன்ற ஒரு தனி மலம்! முகம் சுளிக்காதே. இலையைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் அதன் வழியாகத்தான் குட்டியின் வயிற்றுக்குள் குடியேறுகின்றன. வயிற்றையே குறைத்துக்கொள்ளும் பிள்ளை ஒன்று, வயிற்றைத் தாயிடம் கடன் வாங்கும் பிள்ளை ஒன்று. என் ஓட்டு மூக்கனுக்குத்தான். உன் பேத்தி சண்டைக்கு வந்தால் வரட்டும்.

உனக்கு ஒரு வேலை தருகிறேன். மூக்கன்கள் இப்போது உன் ஊரை ஒட்டிய மோர்ட்டன் விரிகுடாவில்தான் இருக்கும். நீர் வற்றும் நேரத்தில் சேற்றுப் பரப்புக்குப் போய்ப் பார். அலகு நீளமாக, நுனி லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கும். அடி இளஞ்சிவப்பு, நுனி கறுப்பு. அலகு நேராக இருந்தால் அது கருவால் மூக்கன், ஏமாந்துவிடாதே. படம் எடுத்து அனுப்பு. தைப்பொங்கலுக்கு வருகிறாயா இல்லையா என்பதையும் அதிலேயே எழுதிவிடு.

அன்புடன்,
சுந்தரம்