அப்பப்பா முட்டை தொட்டதில்லை

உப்புவெளி, திருகோணமலை
ஞாயிறு காலை

அன்பு மகனுக்கு,

நீ முட்டையை அடியோடு விட்டுவிட்டாய் என்று நேற்றுத் தொலைபேசியில் சொன்னதிலிருந்து அம்மாவுக்கு மனமே சரியில்லை. விடியற்காலையில் கூட்டிலிருந்து நான்கு முட்டைகளை எடுத்து வந்து மேசையில் வைத்துவிட்டு, "இனி யாருக்கு?" என்று என்னைப் பார்த்தாள். நான்தான் ஏதோ செய்ததுபோல.

உன் எல்டிஎல், அதாவது கெட்ட கொலஸ்திரோல், 4.4 என்றாய். உங்கள் கனடாக் கணக்கு லீட்டருக்கு மில்லிமோல். இங்கே கிளினிக் கொப்பியில் டெசிலீட்டருக்கு மில்லிகிராமில் எழுதுவார்கள். 38.67ஆல் பெருக்கிப் பார்த்தேன்: 170. எனக்கு முதன்முதல் வந்தது 168. எந்தப் பாடத்திலும் அப்பாவை முந்தாதவன் இதில் இரண்டு புள்ளி கூட எடுத்துவிட்டாய்.

முட்டையை விட்டாய், சரி. எண்ணெயில் பொரித்த ரோல்ஸை விட்டாயா? போன மாதம் வீடியோவில் பேசும்போது உன் பின்னால் மேசையில் ஒரு கடதாசிப் பை இருந்தது. அதன் அடிப்பகுதி எண்ணெய் ஊறிக் கண்ணாடிபோல் ஆகியிருந்தது. நீ பாடசாலைக் கதை சொல்லிக்கொண்டிருந்தாய், நான் அந்தப் பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன், கொஞ்சம் பொறுத்துக்கொள். ஒரு முட்டையில் 185 மில்லிகிராம் அளவு கொலஸ்திரோல் இருக்கிறது, அவ்வளவும் மஞ்சள் கருவில். ஆனால் உன் இரத்தத்தில் ஓடும் கொலஸ்திரோலில் பெரும்பங்கை உன் ஈரலே செய்கிறது. நீ வெளியிலிருந்து கொஞ்சம் கூடுதலாகத் தின்றால், பெரும்பாலானவர்களின் ஈரல் தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். எல்டிஎல்லை அதைவிட அதிகம் ஏற்றுவது, தேங்காயெண்ணெய், நெய் போன்றவற்றில் நிறைய இருக்கும் நிரம்பிய கொழுப்பு. இரத்தத்திலிருந்து எல்டிஎல்லைப் பிடித்து எடுக்கும் ஈரலின் வேலையை அது மந்தமாக்கிவிடுகிறது. முட்டை ஒன்றில் அந்தக் கொழுப்பு ஒன்றரை கிராம். ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெயில் பதினொன்று, பன்னிரண்டு கிராம். கணக்கை நீயே போட்டுப் பார். ஏழு முட்டையின் கொழுப்பு ஒரு கரண்டியில் அடங்கும்.

முட்டைக்கு இந்தக் கெட்ட பெயர் வந்த கதையும் உண்டு. அமெரிக்க இதயச் சங்கம் 1968இல் வாரத்துக்கு மூன்று மஞ்சள் கருவுக்கு மேல் வேண்டாம் என்றது. நாளுக்கு 300 மில்லிகிராம் என்று ஒரு வரம்பும் வெகுகாலம் இருந்தது. 2015–2020க்கான அமெரிக்க உணவு வழிகாட்டி அந்த வரம்பை எடுத்துவிட்டது. அதற்காக அள்ளித் தின்னச் சொல்லவில்லை, குறைவாகவே உண்ணச் சொன்னது. எல்டிஎல் ஏறியவர்களும் நீரிழிவுக்காரர்களும் இன்னும் கவனமாகத்தான் இருக்க வேண்டும். எனக்கு மருத்துவர் வாரத்துக்கு நான்கு என்று விட்டிருக்கிறார். உனக்கு எத்தனை என்பதை உன் மருத்துவரிடம் கேள், வாட்ஸப்பில் வருகிறவர்களிடம் கேட்காதே.

அக்கா பெரியபிள்ளையான மாதம் நினைவிருக்கிறதா? அம்மம்மா தினமும் காலையில் ஒரு பச்சை முட்டையை உடைத்து அவளுடைய வாயில் ஊற்றி, அதே முட்டைக் கோதால் அளந்து நல்லெண்ணெயும் ஊற்றுவார். அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு அழுவாள். நீ எனக்கும் வேண்டுமென்று வாசலில் நின்று அழுவாய்.

இப்போது எங்கள் குசினியில் முட்டை பொரிப்பதில்லை. ஓரம் மொறுமொறுவென்று கருகி வரும் அந்தப் பொரியல் எனக்கு இன்னும் கனவில் வருகிறது, அது வேறு விடயம். அம்மா அவித்து, இரண்டாக வெட்டி, மிளகும் உப்பும் தூவித் தருகிறாள். சொதிக்குத் தேங்காய் முதற்பால் இல்லை, இரண்டாம் பால் மட்டும். முதல் நாள் அதைச் சுவைத்துவிட்டு, "இது சொதியா, அரிசி கழுவிய தண்ணீரா?" என்று கேட்டவள் அவளேதான். இறாலும் கணவாயும் முட்டையைப் போலத்தான்: கொலஸ்திரோல் உண்டு, நிரம்பிய கொழுப்பு குறைவு. பொரித்தால்தான் வில்லங்கம். நீ அங்கே ஓட்ஸ், பார்லி, பருப்பு, வெண்டிக்காய் இவற்றைக் கூட்டு. அவற்றின் வழவழப்பான நார், குடலில் பித்தத்தைப் பிடித்து வெளியே கொண்டுபோகும். ஈரல் புதுப் பித்தம் செய்ய இரத்தத்திலுள்ள கொலஸ்திரோலை இழுத்துக்கொள்ளும்.

இனி, நான் இத்தனை வருடம் உன்னிடம் ஒழுங்காகச் சொல்லாத விடயத்துக்கு வருகிறேன். என் அப்பா, உன் அப்பப்பா, சுத்த சைவம். முட்டையைக் கையாலும் தொட்டதில்லை. முட்டை அவித்த சட்டியை அடுப்பங்கரைக்குள் விடமாட்டார். அந்த மனிதர் 1977இல் ஒரு காலை, கிணற்றடியில் வாளியை இழுத்துக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வாய்வு பிடித்துவிட்டது என்று சொல்லி உள்ளியும் வெந்நீரும் கொடுத்தார்கள். ஒரு மணித்தியாலம் இருக்கவில்லை. வயது 49. என் அண்ணன், உன் பெரியப்பாவுக்கு 53. அதையும் வாய்வு என்றுதான் ஊரில் சொன்னார்கள், நானும் உனக்கு அப்படியே சொல்லி வைத்திருந்தேன். சின்னப் பிள்ளையைப் பயப்படுத்தக்கூடாது என்று நினைத்தேன். உனக்கு 38 ஆகிவிட்டது என்பது எனக்கு உறைக்கவில்லை.

ஈரல் கொலஸ்திரோலை எவ்வளவு செய்யும், எவ்வளவு பிடிக்கும் என்பதில் பாதி, பிறக்கும்போதே கையில் தந்துவிடுவது. நான் மூன்று மாதம் நாக்கைக் கட்டியும் 168 குறைந்து 147இல்தான் நின்றது. பிறகு மருத்துவர் கொலஸ்திரோலைக் குறைக்கும் குளிசை, அற்றோவஸ்ற்றாற்றின் 20 மில்லிகிராம் எழுதினார். இரவில் ஒன்று, பதினான்கு வருடமாக. கடைசியாகப் பார்த்தபோது 92. குளிசையைத் தொடங்கினால் விட முடியாது என்று உன் நண்பர் சொன்னாராம். சோற்றையும்தான் விட முடியவில்லை. தசை நோவு வந்தால் மருத்துவரிடம் சொல், அளவை மாற்றுவார் அல்லது வேறு மருந்து தருவார். நீயாக நிறுத்தாதே. பத்தியத்தால் மட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் சொன்னால் அதுவும் நல்லதுதான். ஆனால் குடும்பக் கதை முழுவதையும் கேட்ட பிறகு அவர் அதைச் சொல்லட்டும்.

காலையில் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயில் வரை நடந்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். மான் கூட்டம் வழியில் படுத்திருந்தது, எழும்பவே மனமில்லாமல். ஏற்றத்தில் மூச்சு வாங்கவில்லை.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது குடும்ப விபரம் கேட்பார்கள். அப்பப்பா 49, பெரியப்பா 53, இருவருக்கும் மாரடைப்பு என்று எழுது. வாய்வு என்று எழுதாதே. அப்பா 68, குளிசை குடிக்கிறார், கோயில் ஏற்றம் ஏறுகிறார் என்று போடு.

கறுத்தக் கோழி மூன்று நாளாக எங்கேயோ ஒளித்து இடுகிறது. வேலியோரம் தேடிக்கொண்டிருக்கும் அம்மா, உன்னைக் கேட்டதாக எழுதச் சொல்கிறாள்.

அன்புடன்,
அப்பா