கவிதா சாப்பிட்டாளா?

அன்புள்ள குமரா,

கவிதாவுக்கு வாந்தி நிற்கவில்லை, வயிற்றுக் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அழுகிறாள் என்றாய். போனில் பேசினால் பாதியில் மீட்டிங் என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். இது உனக்குத்தான். அவளுக்குப் புத்தி சொல்ல ஊரே இருக்கிறது.

மூன்றாம் மாதத்தில் சிசு எலுமிச்சம்பழம் அளவுதான். அதற்கு வேண்டிய கலோரி கொஞ்சம், தாயின் உடம்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். இந்தக் கட்டத்தில் முக்கியம் ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின் மாதிரி நுண்சத்துகள். மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் நரம்புக்குழாய், கரு உண்டாகி 28 நாளுக்குள் மூடிவிடும். பாதிப் பேருக்கு அப்போது நாள் தள்ளியதே உறைத்திருக்காது. அதனால்தான் அந்த ஃபோலிக் ஆசிட் மாத்திரையை முன்கூட்டியே போடச் சொன்னேன், அவளும் போட்டாள். தண்ணீர்கூடத் தங்கவில்லை, சிறுநீர் குறைகிறது என்றால் மட்டும் அன்றே டாக்டரிடம் கூட்டிப் போ.

இனி வரும் ஆறு மாதம்தான் உனக்கு வேலை. உறுப்புகளுக்கு அடித்தளம் விழுந்தாயிற்று, இனி அவை வளர வேண்டும். சிறுநீரகத்தை எடுத்துக்கொள். ரத்தத்தை வடிகட்டும் நெஃப்ரான்கள் ஏறக்குறைய 36 வாரம் வரைதான் உருவாகும், அதிலும் பாதிக்கு மேல் கடைசி மூன்று மாதத்தில். அப்புறம் ஆயுசுக்கும் ஒன்றுகூடப் புதிதாக வராது. ஒரு சிறுநீரகத்தில் ஒருவருக்கு 2 லட்சம் இருக்கும், இன்னொருவருக்கு 20 லட்சம் இருக்கும். எடை குறைந்து பிறந்தவர்களுக்குப் பெரும்பாலும் குறைவு, பின்னாளில் பிரஷர் வர அதுவும் ஒரு காரணமாகலாம். நாற்பது வயதில் பிரஷர் வந்தால் உப்பைத்தான் திட்டுகிறோம், அம்மா வயிற்றில் இருந்த நாட்களை யார் நினைக்கிறார்கள்?

சாப்பாடு போதாவிட்டால் சிசு இருக்கிற ரத்தத்தை முதலில் மூளைக்குத் திருப்பிவிடும். கணையமும் ஈரலும் தசையும் அரைவயிற்றோடு வளரும். நீ இருக்கும் புனேயிலேயே டாக்டர் யாஜ்னிக் குழு, அந்தப் பக்கத்துக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தது. இங்கே சராசரி 2.7 கிலோ, அங்கே 3.5 கிலோ. குறைந்தது தசையும் உள்ளுறுப்புகளும்தான், கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. பார்க்க ஒல்லியாக இருக்கும் நம் ஆட்களுக்குச் சர்க்கரை வருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்கிறார்கள்.

இதெல்லாம் தெரியாமல் உன் அத்தை, "குழந்தை பெருத்தால் ஆபரேஷன்தான், அளவாகச் சாப்பிடு" என்கிறாளாம். நான் நர்ஸாக ஊர் ஊராகப் போன காலத்தில் தெருவுக்குத் தெரு கேட்ட பேச்சு இது. கர்ப்பிணிகளின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் ரத்தசோகையில் வெளிறிக் கிடக்கும். இரும்பு மாத்திரை எங்கே என்றால் சாமி மாடத்தில் பிரிக்காத அட்டையைக் காட்டுவார்கள். அதைச் சாப்பிட்டால் பிள்ளை கறுப்பாகப் பிறக்குமாம்! அந்தப் பெண்களைத் திட்டி என்ன செய்வது? வீட்டில் எல்லாரும் சாப்பிட்டபின் சட்டியில் ஒட்டிய குழம்போடு உட்காருபவளிடம் சத்தான உணவு என்று பாடம் எடுப்பது எனக்கே கூச்சமாக இருக்கும். பேச வேண்டியது அவள் புருஷனிடமும் மாமியாரிடமும்தான். இப்போது நானே மாமியார், நீ புருஷன்.

இரண்டு பேருக்குச் சாப்பிடச் சொல்லி அவளைத் திணறடிக்காதே. நாலாம் மாதத்திலிருந்து தினமும் சுமார் 350 கலோரி கூடினால் போதும். ஒரு டம்ளர் பால், ஒரு கிண்ணம் சுண்டல், ஒரு வாழைப்பழம், அவ்வளவுதான். சுண்டலுக்கு ராத்திரியே ஊறப்போடுவது உன் பொறுப்பு. அவள் முட்டைகூடத் தொடாதவள். வைட்டமின் பி12 காய்கறியில் கிடையாது, பால் தயிரில் கிடைப்பது போதுமா என்று ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல். இரும்பு மாத்திரையை டீயோடு போட விடாதே, கால்சியத்தோடும் சேர்க்காதே. ஒன்று மதியம், ஒன்று ராத்திரி. ஆரோக்கியம் என்று நீ வாங்கி வைத்திருக்கும் இந்துப்பை எடுத்து ஓரமாக வை. குழந்தையின் மூளைக்கு அயோடின் வேண்டும், சாதாரண அயோடின் உப்பே போடு.

ஐந்தாம் மாத ஸ்கேன் அன்று லீவு சொல்லிவிடு. கடலை உருண்டை கொரியரில் வருகிறது. அது அவளுக்கு, நீ தொடாதே.

அன்புடன்,
அம்மா