அக்கவுண்டிங் பாலிசி நோட் எழுதுறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

கம்பெனிகளோட நிதித் தலைவர்களுக்கும் ஆடிட் கமிட்டி மெம்பர்களுக்கும் வணக்கம்.

ஆண்டறிக்கைல சேர்மன் போட்டோவையெல்லாம் தள்ளிட்டு பின்னாடி பொடி எழுத்துல இருக்கிற பாலிசி நோட்டை (கம்பெனி எந்த முறைல கணக்கு போடுதுனு சொல்ற குறிப்பு) முதல்ல படிக்கிற ஆள் நான். வருஷா வருஷம் அதே வரி, மெஷினரி 5 முதல் 20 வருஷம், ஸ்ட்ரெயிட் லைன், அதாவது வாங்கின விலைய ஆயுசுக்கு சமமா பிரிச்சு வருஷா வருஷம் தேய்மானச் செலவா எழுதுறது. 100 கோடிக்கு வாங்கினத 5 வருஷத்துல தேய்ச்சா வருஷத்துக்கு 20 கோடி செலவு, 20 வருஷத்துல தேய்ச்சா வெறும் 5 கோடி. இவ்ளோ பெரிய வித்தியாசத்த ஒரே வரில அடக்கிட்டுப் போனா படிக்கிறவன் என்ன பண்ணுவான்?

முன்னாடி நான் ஒரு கம்பெனி அக்கவுண்ட்ஸ்ல இருந்தப்போ அசெட் ரெஜிஸ்டர தூக்கிட்டு ஷாப் ஃப்ளோர்ல ஒவ்வொண்ணா டிக் அடிச்சுட்டு வந்தோம், ஒரு பிரஸ் மெஷின், ஸ்டிக்கர்ல பாதி நம்பர் கிரீஸ் பட்டு அழிஞ்சிருச்சு, ரெஜிஸ்டர்ல மதிப்பு பூஜ்யம், ஆனா மெஷின் மூணு ஷிஃப்டும் ஓடுது. ஆபரேட்டர்கிட்ட சொன்னா சிரிக்கிறார், "இது இன்னும் பத்து வருஷம் இழுக்கும் சார்"ங்கிறார். ஆயுட்காலத்தையும் கடைசில என்ன விலைக்குப் போகும்ங்கிறதையும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது திரும்பப் பாக்கணும்னு சர்வதேச கணக்கியல் ஸ்டாண்டர்ட் ஐஏஎஸ் 16 சொல்லுதே, யாராவது ஒழுங்கா பாத்திருந்தா ஓடுற மெஷின் பூஜ்யத்துக்கு வந்திருக்குமா? முழுசா தேய்ஞ்சும் ஓடிட்டு இருக்கிற சொத்து எவ்ளோனு சொன்னா நல்லதுனும் அதுல இருக்கு, கட்டாயம் இல்ல, அதனாலயோ என்னவோ நான் அந்த நம்பர பாத்ததே அபூர்வம்.

இன்டாஞ்சிபிள், அதாவது சாஃப்ட்வேர் மாதிரி தொட்டுப் பாக்க முடியாத சொத்து, அந்தப் பக்கம் இன்னும் மோசம். ஆராய்ச்சி செலவு நேரா செலவுல போகணும், டெவலப்மென்ட்னா ஐஏஎஸ் 38 சொல்ற 6 நிபந்தனையும் தேறின பிறகுதான் சொத்தா காட்டலாம். அந்த ஆறையும் அழகா காப்பி அடிச்சு வச்சிருக்கீங்க, சரி, எந்த ப்ராஜெக்ட் என்னைக்கு அந்தக் கோட்டத் தாண்டுச்சு, யார் முடிவு பண்ணாங்க? அமெரிக்க டெலிகாம் கம்பெனி வேர்ல்ட்காம்ல நடந்தது சாஃப்ட்வேர் கூட இல்ல, மத்த கம்பெனி நெட்வொர்க்குக்கு கட்டின வாடகைய செலவா காட்டாம தூக்கி சொத்துல போட்டாங்க, 2002 ஜூன்ல வெளிய வந்தப்போ சுமார் 380 கோடி டாலர்.

வாரண்டிக்கு, அதாவது பழுதானா சரி பண்ணித் தர முன்கூட்டியே ஒதுக்குற பணத்துக்கு வர்றேன். ஐஏஎஸ் 37லயே ஒரு உதாரணம் இருக்கு: வித்ததுல எல்லாத்துக்கும் சின்னப் பழுதுனா செலவு 10 லட்சம், எல்லாத்துக்கும் பெரிய பழுதுனா 40 லட்சம், 75 சதவீதத்துக்குப் பழுதே வராது, 20க்கு சின்னது, 5க்கு பெரிசு, ஆக ஒதுக்க வேண்டியது 4 லட்சம். கணக்கு அவ்ளோதான், ஆனா அந்த 20ம் 5ம் எங்கிருந்து வருதுங்கிறதுலதான் விஷயமே இருக்கு. ஆரம்பம், சேத்தது, செலவழிச்சது, தேவைப்படலனு லாபத்துக்கே திருப்பினதுனு டேபிள் போடுறீங்க, அதுல லாபம் இளைச்ச வருஷமா பாத்து "திருப்பினது" மட்டும் குண்டாகுறது எப்படி? (காசு வாங்கி தனியா விக்கிற எக்ஸ்டெண்டட் வாரண்டி வேற கதை, அது வருமானக் கணக்கு, அதுக்கு தனி ஸ்டாண்டர்ட் ஐஎஃப்ஆர்எஸ் 15. அதையும் இதையும் கலக்காதீங்க.)

2023 ஜனவரி 1ல இருந்து முக்கியமான பாலிசி விவரத்த மட்டும், உங்க கம்பெனிக்கு பொருந்துற மாதிரி எழுதச் சொல்லி ஐஏஎஸ் 1ஐயே மாத்தியாச்சு. இன்னும் ஸ்டாண்டர்டையே திருப்பி டைப் அடிக்கிறீங்க. அடுத்த அறிக்கைல அந்த 5–20 வரிய மெஷின் வகைவாரியா உடைச்சுப் போடுங்க, போன வருஷம் வாரண்டிக்கு நினைச்சது எவ்ளோ, நிஜமா போனது எவ்ளோன்னு பக்கத்துல பக்கத்துல ரெண்டு நம்பர் வைங்க. காப்பி அடிச்ச நாலு பக்கத்த எடுத்துட்டா இடம் தாராளமா இருக்கும்.

இப்படிக்கு,
பின்பக்கத்துல இருந்து படிக்கிற ஒரு சின்ன ஷேர்ஹோல்டர்