ஈரச் சாக்கு விரித்தவருக்கு

வகுப்புக்காக மண் பலகைகள் எடுத்த அந்த வாரம் நாங்கள் பட்ட பாடு உங்களுக்கெல்லாம் தெரியும். மண் பலகை என்றால், அடுக்குகள் குலையாமல் குழிச் சுவரிலிருந்து செதுக்கிப் பலகையில் பதித்த மண். மூன்றில் இரண்டு போனது போனதுதான். மூன்றாவது இன்று காலை வகுப்பறைச் சுவரில் ஏறிவிட்டது. இன்னும் கை நடுங்குகிறது, இருந்தாலும் இப்போதே எழுதிவிட வேண்டும்.

முதல் நன்றி எங்கள் இரவுக் காவலர் அண்ணாவுக்கு.

மிஞ்சியது களிமண் பலகை. 120 செ.மீ. ஆழத்துக்குக் குழிச் சுவரிலிருந்து செதுக்கி எடுத்தது. களிமண் காயும்போது சுருங்கும். உள்ளே ஈரம் இருக்க மேற்பரப்பு மட்டும் விரைந்து காய்ந்தால் வெடிக்கும், பலகையை விட்டே பெயர்ந்துவிடும். ஆண்டுதோறும் இதைப் பாடமாக நடத்துகிறவள் நான். அன்றிரவு அசதியில் மின்விசிறியை நிறுத்தாமல் போய்விட்டேன்.

நள்ளிரவுச் சுற்றில் அண்ணா ஜன்னல் வழியே பார்த்திருக்கிறார். விசிறியை நிறுத்தி, தரையில் கிடந்த பலகைக்கு இருபுறமும் நாற்காலி போட்டு, மண்ணில் படாதபடி ஈரச் சாக்கை விரித்திருக்கிறார். விடியும்வரை அது காயக் காய நனைத்துப் பிழிந்து போட்டிருக்கிறார். யாரும் சொல்லவில்லை. காலையில் கேட்டேன்.

“எங்கம்மா பானை வனைஞ்சவங்க டீச்சர். பச்சை மண்ணைக் காத்துல விட்டா விரிசல் விழும்னு சின்ன வயசுலயே தெரியும்” என்றார்.

மேலோரத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பு, அவ்வளவுதான். அதை நான் அடைக்கப்போவதில்லை. நிழலில் மெல்ல உலர்ந்த பிறகு, நீர்த்த வெள்ளைப் பசையைச் சொட்டுச் சொட்டாக ஊட்டினோம். கீழ் அடுக்கில், மழைக்கு உப்பியும் வெயிலுக்குச் சுருங்கியும் ஒன்றோடொன்று உரசிய கட்டிகளின் வழவழப்பான பக்கங்கள் அப்படியே மினுங்குகின்றன. படத்தில் எத்தனை முறை காட்டியும் பிள்ளைகளுக்குப் பிடிபடாத விஷயம் அது. நெதர்லாந்தின் வாகனிங்கனில் உள்ள உலக மண் அருங்காட்சியகத்தில் இப்படி ஆயிரத்துக்கும் மேல் உண்டு. எங்களுக்கு இந்த ஒன்று போதும்.

குழி வெட்டியவர்கள், தோண்டிய இயந்திரம் தேய்த்து மெழுகிவிட்டுப் போன குழிச் சுவரைக் கத்தி முனையால் மேலிருந்து கீழாக நெம்பி இயல்பான முகத்தைத் திறந்த மாணவிகள், பெட்டி செய்த தச்சர், மண்ணின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் நிற அட்டையை இரவல் தந்த தோழி, படியேற்றத் தோள் கொடுத்த அத்தனை பேர்: உங்களை மறக்க மாட்டேன்.

பலகையின் அடியில் இடம், ஆழம், எடுத்த நாள் எழுதி ஒட்டுவது வழக்கம். இம்முறை அண்ணாவின் பெயரும் இருக்கும். கேட்டுவிட்டேன், சரி என்றார். திங்கட்கிழமை முதல் வகுப்பில் மண் எப்படிக் காய வேண்டும் என்று பிள்ளைகளுக்கு அவரே சொல்லப்போகிறார்.