ஐஸ் பெட்டி இன்னும் நல்லாத்தான் இருக்கு

சுங்கை சிப்புட்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நாங்கள் நலம். இங்கே இருக்கும் ஐஸ் பெட்டி (ஃபிரிட்ஜ்) பழுது என்று நினைத்து, தவணையில் புதுசு எடுத்து ஜொகூரிலிருந்து லாரியில் ஏற்றிவிடப் போகிறாய் என்று அம்மா சொன்னாள். கொஞ்சம் பொறும்மா. முதலில் இதைப் படி. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

கிளினிக்கில் அம்மாவுக்குக் கொடுத்த இன்சுலின் பேனாக்களில் இரண்டு உறைந்துபோனது உண்மைதான். மருந்து கொடுக்கும் இடத்தில் கேட்டதற்கு, உறைந்த இன்சுலின் உருகிவிட்டாலும் அதை நம்பிப் போட்டுக்கொள்ளக் கூடாது, வீசிவிடுங்கள் என்றார்கள். திறக்காத இன்சுலினை 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். சூடு கூடினால் மெல்ல மெல்ல வீரியம் குறையும். உறைந்தால் அத்தோடு சரி. இது ஒரு பக்கம் என்றால், மாட்டுக்காரரிடம் வாங்கிக் காய்ச்சிக் கதவில் வைத்த பால் மறுநாளே புளித்தது. ஒரே பெட்டிக்குள் ஒரு மூலை உறைகிறது, ஒரு மூலை புளிக்கிறது என்றால் பெட்டி பழுது என்றுதான் யாருக்கும் தோன்றும். உன்னைக் குறை சொல்லவில்லை.

ஆனால் நான் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வந்து அளந்து பார்த்தேன். வெறுமனே உள்ளே தொங்கவிட்டால் பயனில்லை. கதவைத் திறந்ததும் காற்றின் சூடு ஏறிவிடும், முள்ளும் கூடவே ஆடும். ஒரு கிளாஸ் தண்ணீரில் அதை நிறுத்தி, ராத்திரி வைத்து, காலையில் யாரும் கதவைத் தொடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டும். சாமானின் உண்மையான சூடு அப்போதுதான் தெரியும். நடுத் தட்டில் 5 டிகிரி. கதவில் 9. பின்சுவரை ஒட்டி, மேல் தட்டில், கிளாஸின் ஓரத்தில் ஊசி ஊசியாக ஐஸ் கட்டியிருந்தது. அம்மா இன்சுலின் டப்பாவை வைத்திருந்தது அதே இடத்தில்தான். பத்திரமாக இருக்கட்டும் என்று உள்ளே தள்ளித் தள்ளி வைத்திருக்கிறாள்.

காரணத்தையும் கேட்டுக்கொள். நம் வீட்டில் இருப்பது இரண்டு கதவுப் பெட்டி. அதில் குளிர் உண்டாகிற இடம் ஒன்றே ஒன்றுதான், மேலே ஃபிரீசரின் பின்பலகைக்குப் பின்னால் இருக்கும் குழாய்ச் சுருள். அங்கிருந்து ஒரு சின்ன விசிறி குளிர்ந்த காற்றைத் தள்ளுகிறது. கீழ் அறைக்கு அந்தக் காற்று ஒரு சந்து வழியாகத்தான் இறங்கி வர வேண்டும். சந்தின் வாயில் இருக்கிற சாமான் உறையும். காற்று போய்ச் சேராத கதவு சூடாக இருக்கும். அம்மா பாசார் மாலாமில், அதுதான் ராத்திரிக் கடைகளில், வாங்கிய கங்கோங் கீரை, தவ்கே முளைப்பயறு, நாலு கட்டு கறிவேப்பிலை எல்லாவற்றையும் பையோடு அந்தச் சந்தின் முன்னால் அடைத்துவிடுகிறாள். இதில் கொடுமை என்னவென்றால், எவ்வளவு குளிர் என்று பார்க்கிற சென்சாரும் ஓர் இடத்தில்தான் இருக்கிறது. அது இருக்கும் மூலைதான் அதற்கு உலகம். பால் புளித்ததும் அம்மா, குளிரைக் கூட்டிக் குறைக்கிற திருகை 3-லிருந்து 6-க்குத் திருப்பியிருக்கிறாள். அந்த எண் டிகிரி இல்லை. கூடக் கூடக் குளிர் கூடும், அவ்வளவுதான். அடைத்த சந்தை அப்படியே விட்டுவிட்டுத் திருகை ஏற்றினால் கதவுக்குப் பெரிதாக ஒன்றும் வராது, பின்சுவர்தான் இன்னும் உறையும்.

நான் தோட்டத்தில் ரப்பர் ஷீட் காயவைக்கும் புகை வீட்டில் எத்தனை வருஷம் நின்றேன் என்று உனக்குத் தெரியும். அங்கேயும் இதே கதைதான், குளிருக்குப் பதில் சூடு. ஈர ஷீட்டை எடுத்ததும் அதிகச் சூட்டில் தொங்கவிட்டால் உள்ளே கொப்புளம் கொப்புளமாக எழும்பும், தரம் போய்விடும். சூடு போதாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். அதனால் 40 டிகிரிக்குச் சற்று மேலே தொடங்கி, காயக் காய 60-க்குள் ஏற்றிக்கொண்டு போவோம். முழு வீட்டையும் ஒரே சூட்டில் வைக்க யாரும் மெனக்கெட்டதில்லை. எந்தப் பக்கம் எவ்வளவு சூடு என்று தெரிந்து வைத்துக்கொண்டு ஷீட் வண்டியைத்தான் நகர்த்தினோம். நெருப்பை ஓயாமல் கிளறிக்கொண்டே இருப்பவனைக் கண்டால் தோட்ட ஆபீஸ் பெரிய கிராணிக்குப் பிடிக்காது. அம்மாவின் கை திருகிடம் போகும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான் வருகிறது. இதை அவளிடம் சொல்லிவிடாதே.

இப்போது திருகு பழையபடி 3-ல் இருக்கிறது. இன்சுலின் ஒரு மூடிபோட்ட டப்பாவில், நடுத் தட்டில், முன்பக்கமாக. பால் நடுத் தட்டில் உள்ளே. கதவில் ஊறுகாய், சாஸ், தண்ணீர் போத்தல், சூடு கொஞ்சம் ஏறி இறங்கினாலும் கெடாதவை மட்டும். கீரை கீழ் இழுப்பறைக்குப் போய்விட்டது. சந்துக்கு முன்னால் கை அகலம் காலி. அதன் பிறகு மேல் தட்டில் ஐஸ் ஊசி கட்டவில்லை.

இன்வெர்ட்டர் பெட்டி என்றால் குளிர் ஒரே மாதிரி இருக்கும் என்று கடைக்காரர் சொன்னாராமே. பாதி சரி. சாதாரணப் பெட்டியில் கம்ப்ரெசர் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். அந்த இடைவெளியில் உள்ளே சூடு கொஞ்சம் ஏறி இறங்கும். இன்வெர்ட்டர் அடிக்கடி நிற்காமல் வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடும், அதனால் ஏற்ற இறக்கம் குறைவு. கரண்டு பில்லும் குறையும், அதை மறுக்கவில்லை. ஆனால் அதிலும் காற்று வரும் வாயைக் கீரைப் பையால் அடைத்தால் இதே கூத்துதான். முன்பக்கம் ஒட்டியிருக்கும் நட்சத்திரம் கரண்டு எவ்வளவு தின்னும் என்பதற்கு, குளிர் எப்படிப் பரவும் என்பதற்கு இல்லை. என்றைக்காவது வாங்குகிற காலம் வந்தால், பெட்டியின் தகட்டில் கிளைமேட் கிளாஸ் என்ற இடத்தில் 'T' என்ற இங்கிலீஷ் எழுத்து இருக்கிறதா என்று பார். வெளிச்சூடு 43 டிகிரி வரை போகிற ஊருக்கும் தாங்கும் என்று அதற்கு அர்த்தம். நம் தகரக் கூரைச் சமையலறைக்கு அது வேண்டும்.

இந்த வீட்டில் உண்மையாகவே கோளாறு இருப்பது கதவு ரப்பரில்தான். கதவிடுக்கில் ஒரு பண நோட்டை வைத்து மூடி இழுத்துப் பார்க்க வேண்டும். இறுக்கமாக வந்தால் நல்ல ரப்பர், சும்மா உருவிக்கொண்டு வந்தால் போச்சு. 1 வெள்ளி, 5 வெள்ளி வேண்டாம், அது பிளாஸ்டிக் நோட்டு, நல்ல ரப்பரிலும் வழுக்கும். 10 வெள்ளி காகித நோட்டை வை. நம் பெட்டியின் கீழ்க் கதவில் மற்ற இடமெல்லாம் பிடிக்கிறது, கீல் பக்கத்துக் கீழ் மூலையில் மட்டும் வழுக்கிக்கொண்டு வருகிறது. நம் ஊர் ஈரக் காற்று அந்த வழியாகப் புகுந்து, உள்ளே குழாயில் பனியாகப் படிகிறது. பனி படிந்தால் காற்று சரியாகப் போகாது. சுடுதண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி நீவிவிட்டேன், கொஞ்சம் தேவலை. ஆனாலும் மாற்ற வேண்டியதுதான்.

உன் வாடகை வீட்டில் இருப்பது ஒற்றைக் கதவுப் பெட்டி. அதில் விசிறி கிடையாது, மேலே இருக்கும் ஐஸ் அறையிலிருந்து குளிர் தானாக இறங்கும். ஐஸ் அரை சென்டிமீட்டருக்கு மேல் தடித்தால் குளிர் வெளியே வராது, சுவிட்சை அணைத்து உருகவிடு. கத்தியால் மட்டும் குத்தாதே. உள்ளேயே கேஸ் குழாய் ஓடுகிறது, ஒரு குத்து போதும். இப்போது வரும் பெட்டிகள் நிறையவற்றில் இருப்பது ஐசோபியூட்டேன், தீப்பிடிக்கிற கேஸ்.

அப்புறம் சோறு. ராத்திரி மிஞ்சிய சோற்றை ரைஸ் குக்கரை அணைத்துவிட்டு அப்படியே காலைவரை விடுகிறாய் என்று போன தடவையே பார்த்தேன். வேகும்போது சாகாத கிருமி விதை அரிசியில் உண்டு, வெதுவெதுப்பில் அது பெருகும். அது விடும் நஞ்சு திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிடு. கொதிக்கக் கொதிக்கக் குழம்புச் சட்டியை வைக்காதே, பக்கத்தில் இருப்பதெல்லாம் சூடாகும்.

மழைக்காலத்தில் இங்கே கரண்டு போனால் கதவைத் திறக்கக் கூடாது என்று அம்மாவிடம் கறாராகச் சொல்லியிருக்கிறேன். திறக்காத பெட்டி 4 மணி நேரம் தாங்கும், நிறைந்த ஃபிரீசர் 48 மணி நேரம் வரைகூட. அம்மா இப்போது போட்டுக்கொண்டிருக்கும் பேனாவை ஐஸ் பெட்டியில் வைக்கவே தேவையில்லை. 30 டிகிரிக்குள் இருந்தால் 4 வாரம் வெளியிலேயே இருக்கலாம் என்று கிளினிக்கில் சொன்னார்கள். மத்தியானத்தில் நம் சமையலறை அதைத் தாண்டிவிடும், அதனால் முன்ஹாலில் சாமி மேடைக்குக் கீழே வைத்திருக்கிறாள்.

ஆகவே லாரி வேண்டாம். கதவு ரப்பர் பட்டை ஒன்று மட்டும் அங்கே விசாரி; இங்கே கேட்ட கடையில் இந்த மாடலுக்கு வராது என்றுவிட்டார்கள். மாடல் நம்பர் உள்பக்கம் இழுப்பறைக்கு அருகில் ஒட்டியிருக்கிறது, தம்பி வந்ததும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன். கீழ்க் கதவுக்கு மட்டும் போதும். கடையில் இரண்டு கதவுக்கும் சேர்த்துத்தான் தருவேன் என்றால் விலையைச் சொல்லு, வாங்கிவிடாதே.

அன்புடன்,
அப்பா