எண்ணூர் சாலையில் என் வண்டியின் சூட்டைத் தணித்தவர்களுக்கு

சக ஓட்டுநர்களுக்கும் வண்டி உரிமையாளர்களுக்கும் வணக்கம்.

கடந்த மூன்று வாரங்களாக என்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகி என் டிரெய்லர் பட்ட பாட்டை நீங்கள் அறிவீர்கள் என்பதால் அதை மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. நேற்றுப் பிற்பகல் துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் வரிசையில், கத்திரி வெயிலில், இரண்டரை மணி நேரம் நின்றும் ஊர்ந்தும் வந்தேன். என்ஜின் சூட்டைக் காட்டும் முள் பாதியைத் தாண்டவில்லை. பெட்டியை இறக்கிவிட்டு வெளியே வந்தவுடன் வண்டியை ஓரமாக நிறுத்தி, இந்த மடலின் முதல் வரிகளை அங்கேயே எழுதினேன்.

என் நடையை எடுத்து ஓட்டிக்கொடுத்த சங்ககிரி நண்பர்கள் இருவர், டீசலுக்குப் பணம் அனுப்பிவிட்டு அதைப் பற்றி இன்றுவரை பேசாத மைத்துனர், நடுச்சாலையில் நின்றபோது கயிறு கட்டி இழுத்து ஓரம் சேர்த்த ஆந்திரப் பதிவு வண்டியின் ஓட்டுநர், உதிரிபாகத்தைக் கடனாகக் கொடுத்த கடைக்காரர், இரவு இரண்டு மணிக்கும் தொலைபேசியை எடுத்து யோசனை சொன்ன உங்களில் பலர், அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துச் சொல்வேன். இந்த மடலின் பெரும்பகுதியை வேறொருவருக்கு ஒதுக்குவதை நீங்கள் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

திருவொற்றியூரைத் தாண்டி, சாலையோரத்தில் ஒரு பஞ்சர் கடை இருக்கிறது. அதன் வாசலில் பழைய டயர் ஒன்றின் மேல் அமர்ந்திருந்த பெரியவர் அந்தக் கடைக்கு உரிமையாளர் அல்லர். பேருந்துப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பொழுது போவதற்காக அங்கே வந்து அமர்பவர். தம் பெயரை எங்கும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. சென்ற செவ்வாய்க்கிழமை, முள் சிவப்பைத் தொட்டு, வண்டியை அவர் எதிரே நிறுத்தி, கேபினைச் சாய்த்து, ஆத்திரத்தில் ரேடியேட்டர் மூடியின் மேல் துணியைப் போட்டுத் திருகப் போனேன். சாலையின் மறுபுறத்திலிருந்து அவர் போட்ட சத்தத்தில் என் கை நின்றது. மூடி போட்ட ரேடியேட்டருக்குள் தண்ணீர் அழுத்தத்தில் இருப்பதால் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். திறந்த கணத்தில் அழுத்தம் இறங்கி, அத்தனையும் ஆவியாகச் சீறி முகத்தில் அடிக்கும். இருபத்திரண்டு ஆண்டுகளாக வண்டி ஓட்டுகிறவனுக்கு இது தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். தெரியும். அன்று மறந்துபோயிற்று.

அவர் சாலையைக் கடந்து வந்து முதலில் கேட்டது இதுதான்: “தம்பி, நிக்கிறப்போ சூடாகுதா, ஓடுறப்போ சூடாகுதா?”

அந்த மூன்று வாரத்தில் நான், என்ஜின் சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் தெர்மோஸ்டாட்டை மாற்றியிருந்தேன். கழற்றிய பழையதை வீட்டில் குழம்புப் பாத்திரத்தில் கொதிக்க வைத்துப் பார்த்தபோது அது ஒழுங்காகவே திறந்தது. பாத்திரம் போனதற்கு மனைவியிடம் வாங்கிய பேச்சுத்தான் மிச்சம். ரேடியேட்டர் மூடி மாற்றினேன், வாட்டர் பம்பு மாற்றினேன், பெல்ட் மாற்றினேன். அடுத்து என்ஜினின் மேற்பாகமான ஹெட்டைக் கழற்றி, அதன் அடியில் உள்ள கேஸ்கெட் பார்க்க வேண்டும் என்று ஒரு பட்டறையில் சொல்லியிருந்தார்கள். இத்தனை பேர் பார்த்தும் ஒருவரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. சேலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டை வழியாக இரவில் சுமையோடு வரும்போது முள் அசைவதே இல்லை. சென்னைக்குள் நுழைந்து பகலில் வரிசையில் நின்றால்தான் ஏறுகிறது. அவரிடம் சொல்லும்போதுதான் அது எனக்கே உறைத்தது.

வண்டி அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்று தானாகவே ரேடியேட்டருக்குள் புகுந்து வெளியேறும், அங்கே ஃபேனுக்கு வேலை குறைவு. வரிசையில் நிற்கும்போது காற்றை இழுப்பது ஃபேன் மட்டும்தான். இரவில் 27 டிகிரிக் காற்று தணிக்கும் அளவுக்கு, பகலில் 40 டிகிரிக் காற்றால் தணிக்க முடியாது. போதாததற்கு முன்னால் நிற்கும் டிரெய்லரின் புகையும் தார்ச்சாலையின் அனலும் சேர்ந்து நம் ரேடியேட்டருக்கே வருகின்றன. இதையெல்லாம் விளக்கிவிட்டு, மலை ஏறினாயா என்று கேட்டார். போன மாதம் தருமபுரி போகும்போது தொப்பூர் ஏற்றத்தில் முள் கொஞ்சம் ஏறியதும், அதிகச் சுமை என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. ஏற்றத்திலும் வண்டி ஊர்ந்துதானே போகிறது என்றார்.

என்ஜின் நின்றபின் சாவியை என்னிடம் கேட்டு வாங்கித் தம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அந்தச் செயலை நான் மறக்க மாட்டேன். ஃபேனுக்குப் பக்கத்தில் கையை வைப்பதற்கு முன் சாவி எங்கே இருக்கிறது என்று பார்ப்பது எத்தனை பட்டறைகளில் நடக்கிறது? பிறகு ஃபேன் இறக்கையை விரலால் சுண்டினார். சூடான என்ஜினில் அது இறுக்கமாக, தயங்கித் தயங்கி நகர்ந்திருக்க வேண்டும். என் வண்டியில் ஐந்தாறு சுற்று காற்றாடிபோல் சுற்றிவிட்டு நின்றது. ஃபேனின் நடுவில் உள்ள கிளட்ச்சைச் சுற்றி எண்ணெயில் குழைந்த புழுதி வளையமாகப் படிந்திருந்ததையும் காட்டினார். அந்தக் கிளட்ச்சுக்குள் சிலிக்கோன் எண்ணெய் இருக்கும். ரேடியேட்டரைக் கடந்து வரும் காற்று சூடானால் முன்பக்கத்தில் உள்ள சுருள்தகடு விரிந்து வழியைத் திறக்க, எண்ணெய் உள்ளே பாய்ந்து ஃபேனை என்ஜினோடு பிணைக்கும். எண்ணெய் கசிந்து தீர்ந்துவிட்டால் ஃபேன் பெயருக்குத்தான் சுற்றும்.

“முன்னெல்லாம் சூடேறினா ஹோன்னு ஒரு இரைச்சல் வருமே, அது எப்போ நின்னுச்சு?” என்று கேட்டார். ஃபேன் என்ஜினோடு பிணைந்து வேகமாகச் சுற்றும் சத்தம் அது. எனக்கு வெட்கமாகிவிட்டது. இரண்டு மாதமாக வண்டி சத்தம் குறைந்து ஓடுகிறது என்று நான் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்; உங்களில் சிலரிடமும் சொல்லியிருக்கிறேன்.

நான் மாற்றிய பாகங்களைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடக் குறைவாகப் பேசவில்லை; பம்பும் பெல்ட்டும் புதிதாக இருப்பது நல்லதுதானே என்றார். டார்ச் விளக்கை உள்ளே காட்டி, என்ஜினுக்குள் போகும் காற்றைக் குளிர்விக்கும், வெளியிலிருந்து சுத்தமாகத் தெரிந்த இன்டர்கூலருக்கும் அதன் பின்னால் உள்ள ரேடியேட்டருக்கும் இடையில் பஞ்சும் புழுதியும் மெத்தைபோல் அடைத்திருப்பதையும் காட்டினார். அதை என்ஜின் பக்கத்திலிருந்து வெளிநோக்கி, தகடுகள் மடங்காதபடி மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவச் சொன்னார். கிளட்ச் கிடைக்கும்வரை வரிசையில் எப்படித் தாக்குப்பிடிப்பது என்பதையும் சொல்லிக்கொடுத்தார்: முன்வண்டியின் புகை நேராக வராதபடி இடைவெளி விட வேண்டும், நிற்கும்போது நியூட்ரலில் போட்டு ஆக்சிலேட்டரைச் சற்று மிதித்துப் பிடித்தால் பம்பும் ஃபேனும் கொஞ்சமாவது வேகமாகச் சுற்றும், முள் ஏறத் தொடங்கியவுடனே ஒதுங்கிவிட வேண்டும், சிவப்பைத் தொடும்வரை காத்திருக்கக் கூடாது. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம், தம் ஈரத் துண்டை என் தலையில் போட்டுவிட்டு, அந்த வெயிலில் என்னோடு நின்றார். பணம் கொடுத்தபோது டீ வாங்கிக் கொடுக்கச் சொன்னார். டீக்கும் அவரே கொடுத்துவிட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை கிளட்ச் மாற்றினோம், இடைவெளியைக் கழுவினோம். ஹெட்டைக் கழற்றும் செலவு நின்றது. நேற்று வரிசையில் நிற்கத் தொடங்கி முக்கால் மணி நேரம் ஆனபோது அந்த இரைச்சல் திரும்பக் கேட்டது. இத்தனை ஆண்டுகளில் ஒரு சத்தம் எனக்கு இவ்வளவு ஆறுதலாக இருந்ததில்லை. இனிக் கேபின் சாய்ந்து நிற்கும் எந்த வண்டியைக் கண்டாலும், இறங்கி அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் கடந்து போவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

நேற்று அந்தப் பஞ்சர் கடை பூட்டியிருந்தது. அவரைப் பார்க்க முடியவில்லை. அவர் கைபேசி வைத்துக்கொள்வதில்லை. இந்த வாரம் அந்த வரிசையில் நிற்கப் போகும் உங்களில் யாரேனும் அவரைக் கண்டால் இந்த மடலை வாசித்துக் காட்டுங்கள். முள் பாதியிலேயே நிற்கிறது, துண்டு துவைத்து என் கேபினில் இருக்கிறது, அடுத்த நடையில் கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்லுங்கள்.