முதல் நாள் இரவுப் பந்தியும் மேடை நிகழ்ச்சியும்: கப்பல் நிறுவனத்துக்குப் புகார் கடிதம்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்பிய இரண்டு இரவுக் கப்பல் பயணத்தில் முதல் நாள் மாலை நடந்த குளறுபடி, ரூ. 9,000 திரும்பக் கோருதல்.

ஐயா / அம்மா,

வணக்கம். மேற்படி பயணத்தில் நாங்கள் 14 பேர் ஒரே பதிவில் வந்திருந்தோம். எல்லோரும் கல்யாணச் சமையல், விழா ஏற்பாடு தொழிலில் இருப்பவர்கள். பந்தி பிந்துவது எங்களுக்குப் புதிதல்ல. கப்பல் தாமதமாகக் கிளம்பியது எங்கள் புகாரே இல்லை. தாமதமான பிறகு மாலை அட்டவணையை நீங்கள் மாற்றிய விதம்தான் புகார்.

அறையில் வைத்திருந்த நிகழ்ச்சித் தாளில் போட்டிருந்த ஏற்பாடு சரியானது. பெரிய சாப்பாட்டுக் கூடத்தில் 6.30, 8.45 என இரண்டு பந்தி. அரங்கில் 7.00, 9.00 என இரண்டு காட்சி. முதல் பந்திக்காரர்கள் சாப்பிட்டுவிட்டு இரண்டாம் காட்சிக்குப் போகலாம். மற்றவர்கள் முதல் காட்சியைப் பார்த்துவிட்டுச் சாப்பிட வரலாம். கூடமோ அரங்கோ கப்பலில் உள்ள எல்லோரையும் ஒரே நேரத்தில் கொள்ளாது என்பதால்தான் பெரிய கப்பல்களில் இப்படிப் பிரித்து விடுகிறார்கள்.

அன்று கப்பல் கிளம்ப ஒரு மணி நேரத்துக்கு மேல் பிந்தியது. பாதுகாப்புப் பயிற்சியை முடித்துவிட்டுத்தான் கிளம்பினீர்கள், அது சரி. 2012இல் கோஸ்டா கன்கார்டியா என்ற பயணிகள் கப்பல் மூழ்கிய பிறகு, கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ பயிற்சி நடத்தியாக வேண்டும் என்று 2015 முதல் சர்வதேச விதியே இருக்கிறது. அதில் ஐந்து நிமிடம்கூடக் குறைக்கச் சொல்ல மாட்டோம்.

தவறு அதற்குப் பிறகு. முதல் பந்தியை 7.15க்குத் தள்ளினீர்கள். இரண்டாம் பந்தியை 8.45இலேயே விட்டீர்கள். இரண்டு காட்சிகளையும் ஒன்றாக்கி 8.30க்கு வைத்தீர்கள். இதை 7.40க்கு ஒலிபெருக்கியில் அறிவித்தபோது முதல் பந்திக்கு சூப்தான் வந்திருந்தது. முக்கிய உணவு மேசைக்கு வர 8.10 ஆனது. பாதிப் பேர் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்கள். இரண்டாம் பந்திக்காரர்களுக்கோ, காட்சிக்குப் போனால் சாப்பாடு போச்சு. சாப்பாட்டுக்குப் போனால் காட்சி போச்சு. கூடம் பின்பக்கம், அரங்கு முன்பக்கம், நடுவில் லிஃப்ட் வரிசை. அரங்குக் கதவை 8.25க்கே சாத்திவிட்டார்கள். நின்று பார்க்க விடாததில் குறை இல்லை, அது பாதுகாப்பு. ஆனால் ஆளுக்கு ரூ. 600 வாங்கிக்கொண்டு எங்களுக்கு ஒதுக்கிய 14 முன்வரிசை இருக்கைகளில் வேறு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் சீட்டைச் சரிபார்க்க ஒருவரும் இல்லை.

இரண்டு பந்தி, இரண்டு காட்சி எல்லாவற்றையும் முக்கால் மணி நேரம் தள்ளியிருந்தால் போதும்: பந்தி 7.15, 9.30, காட்சி 7.45, 9.45. பணியாளர்களின் ஓய்வு நேரம் இடிக்கும் என்று பதில் எழுதுவீர்கள் என எதிர்பார்க்கிறோம். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி 24 மணி நேரத்தில் 10 மணி நேர ஓய்வு கட்டாயம். அதைப் பிடுங்கச் சொல்லவில்லை. முக்கால் மணி நேரத்துக்குக் காலைப் பணி முறையை மாற்றிப் போட்டிருக்கலாம்.

இரண்டிலும் இடம் கிடைக்காதவர்கள் 9.30 மணிக்கு மேல்தளத்து பஃபேக்கு வந்து சேர்ந்தார்கள். அது மூடும் நேரம் 10.00. தோசைப் பிரிவில் மட்டும் ஏறக்குறைய 60 பேர். இருந்தது ஒரே மின்சாரக் கல். ஒரு ஈட்டுக்கு இரண்டு தோசை, ஒரு ஈட்டுக்கு மூன்று நிமிடம். 9.35க்கு வரிசையில் நின்றால் 10 மணிக்குள் எட்டு ஈடு, 16 தோசை. இந்தக் கணக்கைப் போட உங்கள் மேற்பார்வையாளருக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்காது.

வந்த 16இல் பாதி வெளுத்துப்போய், நடுவில் ஒட்டிக் கிழிந்து வந்தது. மாஸ்டரைக் குறை சொல்ல முடியாது. தீ அபாயத்தால் கப்பலில் கேஸ் அடுப்பு இல்லை, கல் மின்சாரத்தில்தான் காய வேண்டும். அது கேஸ் அடுப்பைப் போல உடனே சூடு பிடிக்காது. அதன்மேல் ஊரில் செய்வதுபோல ஈட்டுக்கு ஈடு தண்ணீர் தெளித்துத் துடைத்தால் இருக்கிற சூடும் இறங்கிவிடும். மாவு வேறு குளிர்பெட்டியிலிருந்து நேராக வந்துகொண்டிருந்தது. மாவை அரைமணி முன்னால் வெளியே எடுத்து வைத்து, தண்ணீருக்குப் பதில் எண்ணெய் தொட்ட வெங்காயத்தால் தேய்த்து, இரண்டாவது கல்லையும் போட்டிருந்தால் வரிசை பாதியாகியிருக்கும். இரண்டாவது கல் அங்கேயே மூடி வைத்திருந்தது, படம் இணைத்திருக்கிறோம்.

பிரியாணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சூடாகப் பரிமாறும் உணவு 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கக் கூடாது. 9.40க்கு எங்களில் ஒருவர் தன் தட்டில் வாங்கிய உடனே குச்சி வெப்பமானியைக் குத்திப் பார்த்தார்: 46. பாத்திரத்தைச் சூடாக வைத்திருக்கும் வெந்நீர்த் தொட்டியில் தண்ணீர் வற்றி, பாத்திரத்தின் அடியைத் தொடவே இல்லை. மூடியும் திறந்தே கிடந்தது. மேல் சோறு காய்ந்து, அடிச் சோறு குழைந்து இருந்ததற்குக் காரணம் அதுதான். தட்டில் மாற்றியதில் நாலைந்து டிகிரி குறைந்திருக்கும் என்று வைத்துக்கொண்டாலும் கணக்கு உதைக்கிறது. தண்ணீர் அளவையும் சூட்டையும் அரைமணிக்கு ஒருமுறை பார்த்து எழுதும் தாள் இருந்தால் அந்த இரவுக்கானதன் நகலை அனுப்புங்கள்.

அடுத்தது இடுக்கி. பனீருக்கும் மீனுக்கும் ஒரே இடுக்கியைப் போட்டிருந்தார்கள். எங்களில் ஐந்து பேர் சைவம் என்று பதிவிலேயே குறித்திருந்தோம். சொன்ன பிறகு இடுக்கியைத் துடைத்துக் கொடுத்தார்கள், மாற்றவில்லை. பச்சைப் பிடி, சிவப்புப் பிடி என்று இரண்டு வாங்கி வைப்பது பெரிய செலவா?

ரசம் மட்டும் அன்று குறை சொல்ல இடமில்லாமல் இருந்தது. வைத்தவரிடம் சொல்லிவிடுங்கள்.

காட்சியில் கயிற்று வித்தையை நிறுத்தியதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். முன்பக்க அரங்கில் ஆட்டம் அதிகம், அலை இருக்கும்போது ஆளைத் தொங்கவிடக் கூடாது, நிறுத்தியது நியாயம்.

பில் விஷயம். எங்களில் நான்கு பேர் வேறு வழியில்லாமல் தனிக் கட்டண உணவகத்தில் ஆளுக்கு ரூ. 1,500 கொடுத்துச் சாப்பிட்டார்கள். அதன்மேல் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், ரூ. 600, கேட்காமலே ஏறியது. மெனு அட்டையில் அப்படி ஒரு குறிப்பே இல்லை. ஓட்டல்களும் உணவகங்களும் சர்வீஸ் சார்ஜைத் தாமாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்ற 2022 வழிகாட்டுதலை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதி செய்தது. கப்பல் அதில் வராது என்று உங்கள் வழக்கறிஞர் வாதாடலாம். ஆனால் முதலில் ஒரு விலையைக் காட்டிவிட்டுப் போகப்போகக் கட்டணம் ஏற்றுவதை 2023 நவம்பரில் அறிவித்த ஏமாற்று வடிவமைப்புகளுக்கு (டார்க் பேட்டர்ன்) எதிரான வழிகாட்டுதலும் தடுக்கிறது.

நாங்கள் கேட்பது: முன்வரிசை இருக்கைக்கு ரூ. 8,400, சர்வீஸ் சார்ஜ் ரூ. 600, மொத்தம் ரூ. 9,000 பணமாக. அடுத்த பயணத்துக்கான கூப்பன் வேண்டாம். அத்துடன் அன்று அட்டவணையை மாற்றியது யார், எத்தனை மணிக்கு என்ற எழுத்துப்பூர்வ விளக்கம்.

15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வோம். பிறகு எங்கள் ஊர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணமும் கிடையாது.

நிகழ்ச்சித் தாள், இருக்கைச் சீட்டுகள், உணவக பில், நேரம் பதிந்த ஆறு படங்கள் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளோம். அசல் எங்களிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
14 பயணிகள் சார்பில்,
பதிவு செய்தவர்